பதினாலு சாவி, ஐந்து பூட்டு

2012 ஜூனில் எனக்கு எங்கள் வங்கியின் பெர்ஹாம்பூர் கிளைக்கு மாற்றல் வந்தது. ஒடிசாவின் தென்கோடி, கஞ்சாம் மாவட்டம். மகள் அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதனால் குடும்பத்தைக் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டு, ஒரு பெட்டி, ஒரு குக்கர், ரயில்வே பார்சலில் என் பழைய மோட்டார் சைக்கிள், இவ்வளவோடு நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன். காலையில் சென்ட்ரலில் கோரமண்டலில் ஏறினால் அன்று ராத்திரியே இறக்கிவிடும். தூரம் ஒரு பொருட்டில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வாரம் தவறாமல் வருகிறதே, அதுதான் பிரச்சினை.

பதினாறு கிலோமீட்டரில் கோபால்பூர் என்ற கடற்கரை ஊர் இருந்தது.

அங்கே போகப்போகிறேன் என்று கிளையில் சொன்னபோது ஒருவருக்கும் உற்சாகமில்லை. "அங்க என்ன இருக்கு சார், பூரிக்குப் போங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பூரியில் ஜகந்நாதர் இருக்கிறார். மழையோ வெயிலோ, கூட்டம் வந்தே தீரும். கோபால்பூரின் பெயரில் கோபாலன் உண்டு, ஊருக்குள் அவருக்குக் கோயிலும் உண்டு. ஆனால் அவரைச் சேவிக்க வெளியூரிலிருந்து யாரும் ரயிலேறி வருவதில்லை. இங்கே வருகிறவர்கள் கடலுக்காக மட்டும் வருகிறவர்கள். கடலுக்காக மட்டும் வருகிறவர்கள் வராமலும் இருந்துவிடலாம்.

முதல் தடவை போனது ஜூலை மாதம், தூறலில். கடற்கரைச் சாலை நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடலைப் பார்த்தபடி சிமெண்டு பெஞ்சுகள், கலங்கரை விளக்கம், ஷட்டர் இறக்கிய கடைகள். நடுநடுவே பழைய பங்களாக்கள். அவற்றின் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. செங்கல்லும் உப்பு அரித்து நடுவில் குழிந்து, ஓரத்துச் சாந்து மட்டும் கோடு கோடாகத் துருத்திக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் சாந்து உதிர்ந்து கல் நிற்கும். அங்கே கல் கரைந்து சாந்து நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு டீக்கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மாவை எல்லோரும் மவுசி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். டீ, குகுனி என்கிற பட்டாணிக் குருமா. அதோடு ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது மனசு கனமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் வண்டி தானாக அங்கேதான் திரும்பியது.

இந்த ஊர் இரண்டு முறை வாழ்ந்து இரண்டு முறை படுத்த ஊர். 1936 ஏப்ரல் 1ஆம் தேதி ஒரிசா தனி மாகாணம் ஆகும்வரை கஞ்சாம் நம் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. கடன் மனுக்களோடு வரும் மூலப் பத்திரங்களில் மதராஸ் என்று பார்க்கும்போதெல்லாம் தூரத்து உறவினர் வீட்டு ஆல்பத்தில் தாத்தா படத்தைக் கண்ட மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் கோபால்பூர் ஒரு துறைமுகம். துறைமுகம் என்றால் கப்பல் வந்து ஒட்டி நிற்கும் இடமில்லை. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் கொண்டுபோய் ஏற்றும். நாகப்பட்டினத்தில் நம்மவர்கள் பினாங்குக்குக் கப்பல் ஏறியதுபோல, கஞ்சாம் கூலிக்காரர்கள் ரங்கூனுக்கு இங்கேதான் ஏறினார்கள். 1890களில் ரயில் பாதை வந்ததும் சரக்கு மெல்லத் தண்டவாளத்துக்குப் போனது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். போகிற இடமே இல்லாமல் போனால் துறைமுகம் எதற்கு?

அதற்குள் ஊர் இன்னொரு தொழிலுக்கு மாறியிருந்தது. கல்கத்தா வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வரும் ஊரானது. 1914இல் மக்லியோனி என்ற இத்தாலியர் கடலோரத்தில் ஒரு ஹோட்டல் கட்டினார். பிறகு அது ஓபராய் ஹோட்டல் நிறுவனத்திடம் போனது, இப்போது மேஃபேர். அதைச் சுற்றி பங்களாக்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நடத்திய தங்கும் விடுதிகள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களும் கிளம்பினார்கள். பங்களாக்கள் கைமாறின, சில பங்காளித் தகராறில் மாட்டிக்கொண்டன. கொஞ்ச காலம் பூஜா விடுமுறை வங்காளிகள் தாங்கிப் பிடித்தார்கள். அவர்களுக்கோ கொல்கத்தாவில் ராத்திரி ரயிலேறினால் காலையில் பூரி, இன்னும் கிட்டத்தில் திகா. கொஞ்சம் வடக்கே புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த லாரிகள் கடற்கரைச் சாலைப் பக்கமே வருவதில்லை.

அப்படிக் கைமாறிய பங்களா ஒன்றின் திண்ணையில்தான் நான் மழைக்கு ஒதுங்குவேன். முதலாளி கொல்கத்தாவில். காவல்காரர் அறுபதைத் தாண்டிய ஒடியாக்காரர். என் இந்தியும் அவர் இந்தியும் ஒரே தரம், அதனால் நன்றாகப் பேச்சு ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தரையில் செய்தித்தாளை விரித்து ஒரு சாவிக் கொத்தைப் பரப்புவார். பதினாலு சாவி. ஒவ்வொன்றிலும் தகரத் துண்டில் எண் அடித்துக் கட்டியிருக்கும். ஒரு காலத்தில் அது பதினாலு அறை கொண்ட லாட்ஜாக இருந்ததாம். பழைய பனியன் துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பார். பல்லுக்குள் விரல் நுழையாது என்பதால் அங்கே மட்டும் தென்னை ஈர்க்கு. துடைத்ததை எண் வரிசையில் அடுக்குவார்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோதான் கவனித்தேன். உள்ளே பூட்டு இருப்பது ஐந்து அறைக்குத்தான். மற்றவை துருப்பிடித்து உடைந்தது, யாரோ கழற்றிப் போனது, கதவே விழுந்தது.

"பூட்டில்லாத சாவிக்கு எதுக்கு எண்ணெய்?"

"முதலாளி வந்தா எண்ணிப் பார்ப்பாரு."

"எப்போ வந்தாரு கடைசியா?"

யோசித்தார். "மூணு வருஷம்" என்றார். அப்புறம் விரல் விட்டு எண்ணி, "நாலு" என்று திருத்திக்கொண்டார்.

நெய்தல் திணைக்கு உரியது இரங்கல், பொழுது எற்பாடு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். மதிப்பெண்ணுக்காக எழுதியதோடு சரி. கோபால்பூரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது சும்மா பாட்டுக்குச் சொன்னதில்லை என்று தெரிந்தது. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் இறங்காது, ஊருக்குப் பின்னால் இறங்கும். முதுகில் கொஞ்சம் மஞ்சள் வெயில் மிச்சம் இருக்கும்போதே முன்னால் கடல் நிறம் மாறிச் சாம்பலாகிவிடும். தாழையும் இருந்தது. கஞ்சாம் முழுக்க வரப்பிலும் வேலியிலும் தாழைதான். பூவைச் செப்புப் பானையில் வடித்து கேவ்டா அத்தர் எடுக்கிறார்கள், எங்கள் கிளையிலேயே அந்தத் தொழிலுக்குக் கடன் கணக்குகள் உண்டு. மழைக்காலத்தில் மீன் கவிச்சிக்கும் டீசல் புகைக்கும் நடுவே சட்டென்று தாழம்பூ வாசம் வரும். வந்த திசையைத் தேடுவதற்குள் போய்விடும்.

இந்த இரங்கலில் நான் கொஞ்சம் சுகம் கண்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனியாக இருப்பவனுக்குத் தன்னைவிடத் தனியாக ஓர் ஊர் கிடைத்தால் ஆறுதல்தான். வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் "அப்படி ஒரு ஊர்" என்று அளந்துகொண்டிருந்தேன். அதன் பலன் 2013 மே மாதம் கிடைத்தது.

கோடை விடுமுறைக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். பெர்ஹாம்பூர் வீட்டில் இரண்டு நாள், அப்புறம் கோபால்பூரில் மூன்று நாள் என்று திட்டம். கடலைப் பார்த்த அறை என்று போனிலேயே சொல்லிவைத்திருந்தேன். மே மாதத்து ஒடிசாவை நினைத்தே பார்க்கவில்லை. அறைக் கதவு ஊறிப்போய் சாத்த மறுத்தது, தோளால் முட்டித்தான் சாத்தினோம். மெத்தை கையை வைத்தால் நமநமவென்று ஈரம். குழாயைத் திறந்தால் செங்காவித் தண்ணீர். ஏசி போட்டால் கரகரவென்று ஒரு சத்தம், அதோடு சரி. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிடக் கீழே போனால், சமையல்காரர் சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். கரண்டு போனது.

இருட்டில் மனைவி கேட்டாள்: "இதுக்கா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பங்களா, சாவி, சாம்பல் நிறக் கடல் என்று என்னத்தைச் சொல்வது? ஒரு ஊரின் நலிவை நாம் ரசிப்பது வேறு, அந்த நலிவுக்குள் ராத்திரி படுத்துத் தூங்குவது வேறு.

மறுநாள் காலை இன்னும் மோசம். மகள் முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றாள். நானும் கூடவே இருந்தேன். பார்த்தால் அலை பெரிதில்லை. ஆனால் கோபால்பூர்க் கரை சரிவு. நாலடி தள்ளினால் ஆழம். திரும்பும் அலை காலடி மணலை அப்படியே உருவிக்கொண்டு போகும். அவள் உட்கார்ந்த மாதிரி சரிந்தாள், நான் கையைப் பிடிப்பதற்குள் என் காலடியும் போனது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மூன்றே எட்டில் வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். கையை இல்லை, முடியை. கை வழுக்கும் என்று பிறகு சொன்னார்.

அவர் நோலியா. அந்தக் கரை மீனவர்களை அப்படித்தான் சொல்வார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மீன் வாங்கிக்கொள் என்றார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கரை முழுக்கச் சந்தை. படகுகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன, பெண்கள் கூடையை வைத்து ஏலக்குரல் எழுப்புகிறார்கள், ஐஸ் பெட்டி வண்டிகள், நாய்கள், சண்டை, சிரிப்பு. இத்தனை மாதம் மத்தியானத்துக்கு மேலேயே வந்துகொண்டிருந்ததால் இதை நான் பார்த்ததே இல்லை. ஊர் அழுதுகொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும் ஊர் உண்மையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்திருப்பவன் ஐந்து மணிக்குக் கடற்கரையில் வந்து உலாத்துவானா?

அன்று வாங்கிய வவ்வால் மீனை மவுசி பொரித்துக் கொடுத்தார். மகள் அந்த ஒரு சாப்பாட்டைத்தான் இன்றைக்கும் சொல்வாள். மூன்று நாள் திட்டம் அன்றோடு முடிந்தது.

அதன் பிறகு அந்த ஊரில் எப்படித் தங்குவது என்று நிதானமாகக் கற்றுக்கொண்டேன். நலிந்த கடற்கரை ஊர் எதற்குப் போனாலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கடலைப் பார்த்த கீழ்த்தள அறையை எடுக்கவே கூடாது; உப்புக் காற்றை முதலில் வாங்குவது அதுதான். பின்பக்கம், மேல்மாடி எடுங்கள். கடல் பார்க்க வெளியே வரலாமே, கடல் ஓடியா போகிறது? பணம் கொடுக்கும் முன் அறைக்குள் போய் மூன்று காரியம் செய்யுங்கள். குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மெத்தையின் நடுவில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சுவிட்சுப் பெட்டி திருகாணிகளைப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அந்த அறையில் ஈரம் தங்குகிறது. கதவைச் சாத்திப் பார்ப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. சமையல் உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "சமையல்காரர் இன்னைக்கு இருக்காரா" என்று கேட்க வேண்டும். காலையில் கரையில் மீன் வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டால் மத்தியானம் ராஜ சாப்பாடு. ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், ஒன்பதுக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும்.

போவதற்கு நல்ல மாதம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. பிப்ரவரி மார்ச்சில் வடக்கே ருஷிகுல்யா முகத்துவாரத்தில் ஆமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட வரும், அதற்காக வருகிறவர்களும் உண்டு. மனசுக்காகப் போகிறவன் என்னை மாதிரி ஜூலை ஆகஸ்டில் போகலாம், ஆனால் தனியாகப் போக வேண்டும். இரண்டு ராத்திரி போதும். மூன்றாம் நாள் ஊர் உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடும், அது கொஞ்சம் சங்கடம்.

தண்ணீரில் இறங்குவதென்றால் நோலியா ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். சாயங்காலம் கரையில் ஆள் இருக்காது, இழுத்துப் போடவும் ஆள் இருக்காது.

வண்டிக்கு உப்பு ஆகாது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். நான் பாதி வாரம் சோம்பலில் விட்டுவிட்டேன். போன், கேமராவுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. அப்புறம், பாழடைந்த வீடுகளைப் படம் எடுக்கும் முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஒரு குரல் கொடுங்கள். ஒரு தடவை நான் அழகான இடிபாடு என்று போகஸ் பண்ணிக்கொண்டிருந்தபோது சன்னலில் ஒரு கை வந்து துண்டு காயப்போட்டது.

மகளை இழுத்துப் போட்ட அந்தப் பெரியவரோடு அதற்குப் பிறகு பழக்கமானது. தாத்தா என்பேன், தெலுங்கிலும் அது தாத்தாதான். கட்டுமரத்தை தெப்ப என்பார், எனக்கு அகராதி தேவைப்படவில்லை. ஒரே ஒரு சொல்தான் என்னை ஏமாற்றியது. ஒருநாள் வெறிச்சோடிய சாலையைப் பார்த்தபடி "காலி வஸ்துந்தி பாபூ" என்றார். எல்லாம் காலி ஆகிக்கொண்டு வருகிறது என்கிறாராக்கும் என்று நானும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போய்ப் படகை இழுத்துக் கட்டினார். தெலுங்கில் காலி என்றால் காற்று. பெரிய காற்று வருது, கிளம்பு என்றிருக்கிறார். நான் நனைந்துகொண்டே வீடு போனேன்.

2013 அக்டோபர் 10, வியாழக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து போனேன். ஃபைலின் புயல் நேராக இங்கேதான் வருகிறது என்று டிவி சொல்லிக்கொண்டே இருந்தது. கரையில் படகுகளை ஊருக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா அதே வார்த்தையைச் சொன்னார், இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. மறுநாளே விடுதிகளைக் காலி செய்யச் சொல்லி, கரையோர மக்களைப் புயல் காப்பகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோனார்கள். மாநிலம் முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் பேர்.

12ஆம் தேதி சனிக்கிழமை, துர்க்கா பூஜையின் அஷ்டமி. இரவு பத்தரை மணி வாக்கில் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பதினாறு கிலோமீட்டர் உள்ளே பெர்ஹாம்பூரில் என் வீட்டுக் கழிப்பறைதான் சன்னல் இல்லாத ஒரே அறை. அங்கே வாளியைக் கவிழ்த்துப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சத்தத்தை வர்ணிக்க என்னால் ஆகாது. தெரிந்துகொண்டது இதுதான்: தண்ணீரை எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைக்க வேண்டும். கையில் சில்லறை நோட்டு வேண்டும், ஏடிஎம் முதலில் சாகும். இதைச் சொல்பவன் வங்கிக்காரன். எங்கள் தெருவுக்குக் கரண்டு வரப் பத்து நாள் ஆனது. போகச் சொன்னால் வாதாடாமல் போய்விட வேண்டும். 1999 பெரும்புயலில் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் போனார்கள். ஃபைலினில் ஐம்பதைத் தொடவில்லை. நடுவில் கட்டிய காப்பகங்களும், முன்கூட்டியே ஆளைக் கிளப்பியதும்தான் வித்தியாசம்.

நாலாம் நாள் கோபால்பூர் போனேன். பதினாறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம், வழி முழுக்க மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைச் சாலை விளக்குக் கம்பங்கள் எல்லாம் ஊரைப் பார்த்துக் குனிந்திருந்தன. சிமெண்டு பெஞ்சுகளின் முதுகு மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. சவுக்கு மரங்கள் ஆள் உயரத்தில் ஒடிந்து, வெள்ளைச் சிராய் வானத்தைப் பார்த்து நின்றது. தாழை வேலிகள் வேரோடு கிடந்தன. அந்த மாதக் கடைசியிலேயே அத்தர் வடிப்பவர்கள் தவணை நீட்டிக்கக் கேட்டு எங்கள் கிளைக்கு வந்துவிட்டார்கள். புதுச்செடி வைத்தால் பூக்க வருஷக் கணக்காகும் என்றார்கள். தாத்தா பத்திரம். படகில் பாதி இருந்தது.

பங்களாவின் ஓட்டுக் கூரை போய்விட்டது. காவல்காரர் திண்ணை மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். காப்பகத்துக்குப் போகும்போது என்ன எடுத்துப் போனீர்கள் என்று கேட்டேன். ரேஷன் கார்டு, ஒரு போர்வை, என்று சொல்லிக்கொண்டே வேட்டி மடிப்பைப் பிரித்தார். சாவிக் கொத்து இடுப்பிலேயே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். ஐந்தில் மூன்று கதவு விழுந்திருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். கடைகள் எதுவும் திறக்கவில்லை. அடுத்த தடவை ஊரிலிருந்து வரும்போது ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தேன். முதலாளி வந்தாரா என்றேன். போன் பண்ணினாராம். சாவி பத்திரமா என்று கேட்டாராம்.

2014 ஜூனில் எனக்குத் திரும்ப ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தது. வண்டியை மறுபடி பார்சலில் போட்டுக் கொண்டுவந்தேன். கும்பகோணத்தில் எங்கள் தெரு முனை மெக்கானிக் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் மட்கார்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார், விரல் உள்ளே போனது. பக்கவாட்டு டூல் பாக்ஸைத் திறந்து கவிழ்த்தார். ஸ்பேனரோடு ஒரு கை மணல் கொட்டியது.

"எந்தக் கடல் சார்? தரங்கம்பாடியா, பூம்புகாரா?"

"கோபால்பூர்."

"அது எங்க இருக்கு?"

"ஒடிசாவுல. முன்னாடி நம்ம மதராஸ்லதான் இருந்துச்சு."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு, மட்கார்டு, செயின், இரண்டு கேபிள் என்று சிகரெட் அட்டையின் பின்பக்கம் விலை எழுத ஆரம்பித்தார்.